மூன்றாவது மேபல்

போன வாரம் உங்களில் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். யாரென்று சொல்லமாட்டேன். இதைப் படிக்கும்போது யார் முகம் சுருங்குகிறதோ அவள்தான். "அம்மா, எனக்கு அழைப்பு வந்திருக்கிறது" என்றாள். நான் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துக் கையை நீட்டினேன். அது இல்லையாம். ஆப்பிரிக்காவில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஏராளமாம், அவர்களுக்கு ஊழியம் செய்ய ஆண்டவர் இவளைக் கூப்பிடுகிறாராம். "நல்லது. வரும் வழியில் நம் விடுதி வராந்தாவில் ஒரு பெண் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாளே, பார்த்தாயா?" என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றாள். "கவனித்து, பேன் பார்த்துவிட்டு, அப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போய் அழுதாளாம். கிழவிக்கு விசுவாசம் வற்றிப்போய்விட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது, பெண்களே. விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்பது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவைக்கிறேன், கேளுங்கள்.

நான் வேலை பார்த்த அநாதைப் பிள்ளைகள் விடுதி ராயபுரத்தில் இருந்தது. துறைமுகம் அவ்வளவு பக்கம். கப்பல் ஊதினால் ஜெபத்தின் நடுவில் அத்தனை பிள்ளைகளும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். அந்தக் கப்பல்களில் அழைப்பு வந்தவர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஓர் அம்மாள் பெட்டி நிறையக் கம்பளிக் காலுறை கொண்டுவந்தார். அவருடைய சபைப் பெண்களெல்லாம் உட்கார்ந்து பின்னியதாம். வந்தது சித்திரை மாதம். எங்கள் சமையல்காரி அதைக் கையில் மாட்டிக்கொண்டு சோற்றுப்பானை இறக்கினாள். இன்னொரு அம்மாளுக்குக் காசிமேட்டுக் கருவாட்டு வாசனை ஆகவில்லை. காற்று திசை மாறும்படி முழங்காலில் நின்று ஜெபித்தார். ஆண்டவர் கேட்டார், காற்று மாறியது, துறைமுகத்துக் கரித்தூள் முழுவதும் அவருடைய வெள்ளை உடுப்பில் வந்து இறங்கியது. அடுத்த கப்பலில் அவருக்குத் திரும்பிப் போக அழைப்பு வந்துவிட்டது.

ஒருவர் படம் பிடிக்க வந்தார். விடுதிக்கு வருவதற்கு முன் ஒரு படம், வந்த பின் ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சீமையில் ஜனங்கள் உருகுவார்களாம். அன்று வந்து சேர்ந்த பிள்ளையை அக்கம்பக்கத்தார் குளிப்பாட்டிப் புதுப் பாவாடை கட்டி அனுப்பியிருந்தார்கள். படம் பிடிக்க வந்தவர் முகம் வாடிவிட்டது. "கொஞ்சம் கிழிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். கிழித்துக் கொடுத்தேன்.

பார்த்தீர்களா? கேலி செய்ய நான் வெள்ளைக்காரர்களைத்தான் பிடித்தேன் என்று நினைக்காதீர்கள். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கடல் கடந்து ஓர் உபகாரி இருப்பார். பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் அவர் அனுப்புவார். அதனால் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவருக்கே. கரி தூக்குகிறவர் மகளுக்கு மேபல் என்று பெயர் வருவது இப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு, பிள்ளை உபகாரிக்குக் கடிதம் எழுதும். எழுதும் என்றால், நான் எழுதுவேன். கடிதத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் உள்ளங்கையைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து அனுப்புவோம்.

பிள்ளை செத்துப்போனால்? அம்மையும் பேதியும் எங்கள் பக்கத்தில் விருந்தாளி மாதிரி அடிக்கடி வந்துபோன காலம் அது. உபகாரியின் மனம் நோகக்கூடாதே! அடுத்து வரும் பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிடுவோம். கடிதம் நிற்காது. பெரிய மிஸ்ஸியம்மா, அதாவது விடுதித் தலைவி, இதை "பாரம் மாற்றுதல்" என்பார். நான் அதை யோசிக்கவே இல்லை. எனக்கு நன்றாக எழுதவரும் என்ற பெருமைதான் இருந்தது.

மேபல் என்ற பெயருக்கு முதலில் வந்தது மூன்று வயதுப் பெண். மூன்று கிறிஸ்துமஸ் இருந்தாள், அம்மையில் போனாள். இரண்டாவது மேபல் ஐந்து கிறிஸ்துமஸ். முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் வந்ததே ஒரு பெரிய காய்ச்சல், ஊரே பாடைக்கு மூங்கில் தேடிக்கொண்டிருந்ததே, அதில் அவளும் போனாள். கடிதத்தில் மட்டும் மேபல் ஒரே பெண்ணாக வளர்ந்துகொண்டே இருந்தாள். பூ வேலை செய்தாள், சங்கீதங்கள் ஒப்பித்தாள், சின்னப் பிள்ளைகளுக்குத் தன் பங்கு பழத்தைக் கொடுத்தாள். அப்படிப்பட்ட பிள்ளை ஒன்றை நான் முப்பது வருஷத்தில் நேரில் பார்த்ததில்லை.

மூன்றாவது மேபலைத் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் தோளில் தூக்கிவந்தார். கூடக் கரி தூக்கியவரின் மகளாம். தகப்பன் முன்பே இல்லை. தாய் பேதியில் போய் மூன்று நாள். வாசலில் இறக்கிவிடும்போது அவர் பெயர் சொன்னாரோ என்னவோ, நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. பெயர்தான் தயாராக இருந்ததே. அப்போது அவளுக்கு நாலு வயது. யாரோடும் பேசமாட்டாள், கிட்டே போனால் கடிப்பாள், ஆனால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். மேபல் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். காதைத் திருகித் திருகிப் பழக்கினேன்.

அவள் வந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆனபின் அந்தக் கடிதம் வந்தது. மேபலின் உபகாரி எழுதியிருந்தார். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆண்டவர் தெளிவாக அழைத்தாராம். (பாத்திரம் கழுவும்போது யாருக்குத்தான் வேறெங்காவது போகவேண்டும் என்று தோன்றாது?) வீட்டை விற்றுவிட்டாராம். மிச்ச வாழ்நாள் முழுவதையும் ராயபுரத்து அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுக்கப்போகிறாராம். எல்லாவற்றுக்கும் முதலில், பதின்மூன்று வயது நிறைந்த தன் அருமை மேபலை மார்போடு அணைக்கவேண்டுமாம். கடிதம் வரும்போதே கப்பல் ஏறியாகிவிட்டது.

எங்கள் மேபலுக்கு ஆறு வயது.

பெரிய மிஸ்ஸியம்மா ஒரு நாள் முழுக்க ஜெபித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். அவர் பேசுவது பைபிள் தமிழ். "எஸ்தரே, கர்த்தர் எனக்கு ஒரு வழியைக் காண்பித்தார்" என்றார். கர்த்தர் காண்பித்த வழி இது: பெரிய பெண்களில் லில்லி கெட்டிக்காரி, அவளுக்கும் பதின்மூன்று வயது, அவளை மேபல் என்று நிறுத்துவது. ஒரே வீட்டில் இரண்டு மேபல் இருக்கமுடியாது. ஆகையால் சின்னவளை அரக்கோணத்துக்கு அப்பால் இருக்கும் நம் கிளை விடுதிக்கு அனுப்பிவிடுவது. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "அந்த அம்மாள் மரணபரியந்தம் இங்கே இருக்க வருகிறார்களே" என்றார்.

அப்போது நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். "ஆகட்டும் அம்மா" என்றேன். நெருக்கடியில் நம் வாயில் முதலில் வருவது அதுதான், கவனித்துப் பாருங்கள்.

பதினைந்து நாள் லில்லிக்கு மேபலின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் நானே கட்டிய கதை என்பதால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. சின்னவளுக்கும் பாடம் நடந்தது. இனிமேல் நீ மேபல் இல்லை, யாராவது மேபல் என்றால் திரும்பக்கூடாது. அவள் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை என்று திருகிய காதை, இப்போது திரும்பியதற்காகத் திருகினேன். எழுதவே கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை, அவசரமாக இருந்தது.

சமையல்காரி கன்னியம்மா இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடிக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள், புத்தரைக் கும்பிடுகிற குடும்பம். பெரிய மிஸ்ஸியம்மா பத்து வருஷம் முயன்றும் அவளை மனந்திருப்ப முடியவில்லை. ரசத்தில் மிளகைக் குறைக்கவைக்கவும் முடியவில்லை.

"அய்ய, இன்னா டீச்சரம்மா தமாசு இது?" என்றாள். "பூட்ட பேருக்குப் புள்ள தேடிகினு கீறீங்க, கீற புள்ளய ரயிலேத்தி வுடறீங்க. அந்தக் குட்டி பேரு இன்னான்னு உனுக்குத் தெரியுமா?"

"மேபல்" என்றேன்.

"அது கப்பல்காரம்மா வச்சது. அத்தப் பெத்தவ இன்னான்னு கூப்ட்டான்னு கேட்டேன்."

"உன் வேலையைப் பார்" என்றேன்.

கப்பல் வந்த காலையில் ஏற்பாடு சுத்தமாக இருந்தது. கன்னியம்மா சின்னவளையும் ஒரு துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு ஜட்காவில் ரயிலடிக்குப் போகவேண்டும். அங்கே கிளை விடுதியில் வேதம் சொல்லிக்கொடுக்கிற பைபிள் அம்மாள் காத்திருந்து அழைத்துக்கொண்டு போவார். ஜட்காவில் ஏறும்போது சின்னவள் என் முந்தானையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். "அக்கா பின்னாடியே வரேன்" என்று ஒரு பொய்யும் சொன்னேன். அதன்பின் முகத்தைக் கழுவிக்கொண்டு உபகாரி அம்மாளை வரவேற்கப் போய் நின்றேன்.

வந்தவர் குட்டையாக, தடியாக, வெயிலில் மிளகாய்ப்பழம் போல் சிவந்த ஒரு அம்மாள். சப்பாத்துக்குள் கால் வீங்கியிருந்தது. லில்லி முன்னால் வந்து முழங்கால் மடித்து, நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் முழுவதையும் ஒப்பித்தாள். அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "நன்றாகச் சொன்னாய் கண்ணே" என்று அவள் தலையைத் தடவினார். அதற்குமேல் அணைக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கோத்து டப்பாவை எடுத்தார்.

டப்பாவுக்குள் என் கடிதங்கள். பத்து வருஷக் கடிதம், ஒன்றுவிடாமல். ஒவ்வொன்றாக மேஜைமேல் வரிசையாக வைத்தார், எழுத்து தெரியாமல் மடித்து, கை மட்டும் தெரியும்படி. முதல் மூன்று கை ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிசு. நாலாவது கை சின்னது. அதிலிருந்து மறுபடி வளர்ந்து எட்டாவது கை நல்ல பெரிய கை. ஒன்பதாவது கை என் பாதி உள்ளங்கைகூட இல்லை.

கடைசித் தாளின்மேல் லில்லியின் கையை வைக்கச் சொன்னார். ஐந்து விரலும் கோட்டுக்கு வெளியே போய் நின்றன. லில்லி என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

நினைத்துப் பாருங்கள், எத்தனை பெரிய முட்டாள்கள் நாங்கள்! ஊர் உலகத்துப் பொய்யெல்லாம் எழுதினேன். கையை மட்டும் வேறு பெரிய பிள்ளையின் கையாக வைத்து வரைந்திருக்கலாம். ஒரு நாளும் தோன்றவில்லை. மேபலின் கை என்றால் மேபல் கையாகத்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. வருஷா வருஷம் மூன்று பிள்ளைகளும் தாங்கள் யாரென்று தாளில் கைவைத்துச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள், தபால் தலை ஒட்டியது நான்.

பெரிய மிஸ்ஸியம்மா ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேன்களை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"முதல் தடவை கை சின்னதானபோது, நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"ஆண்டவர் அழைத்தார் என்று எழுதியிருந்தீர்களே" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"ஒரு கை ஏன் சின்னதாயிற்று என்று கேட்கப் போகிறேன் என்றால் எங்கள் சபையில் யார் என்னைக் கப்பல் ஏற்றுவார்கள்? அழைப்பு என்றேன். உடனே எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள்" என்றார்.

இந்த அம்மாள் அதன்பின் சாகும்வரை எங்கள் விடுதியில் இருந்தார். சொறிக்கு மருந்து போட்டார், பேன் பார்த்தார், கருவாட்டுக் குழம்பை வேர்த்து வேர்த்துச் சாப்பிட்டார். அழைப்பு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்டதே இல்லை.

அன்று அவர் கேட்ட அடுத்த கேள்வி, முதல் இரண்டு பேரும் எங்கே என்பது. கல்லறைத் தோட்டத்தில் என்றேன். "அவர்கள் கல்லில் என்ன பெயர் எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்.

கல் ஏது? மதிலோரத்தில் பிள்ளைகள் பக்கம் என்று ஓர் இடம். எந்த மேடு யாருடையது என்று எனக்கே தெரியாது. மேபல் என்று எழுதியிருக்கவும் முடியாது, அந்தப் பெயர் அடுத்தவளுக்கு வேண்டியிருந்தது. தாய் வைத்த பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. அந்த இரண்டு பெண்களும் ஒரு பெயரும் இல்லாமல் அங்கே கிடக்கிறார்கள், இன்றைக்கும். இதை அவரிடமும் சொன்னேன். உங்களிடம் ஒரு பிள்ளை வந்தால் பாலுக்கு முன்னால், துணிக்கு முன்னால், ஜெபத்துக்கும் முன்னால், அதன் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளை சொல்லாவிட்டால் கொண்டுவந்தவரைப் பிடித்துவைத்துக் கேளுங்கள்.

"மூன்றாவது பெண்?" என்றார் அம்மாள்.

பெரிய மிஸ்ஸியம்மா ஜன்னலிலிருந்து திரும்பி, "எஸ்தரே" என்றார். எச்சரிக்கிற குரல். நான் அவரைப் பார்க்கவில்லை. "ரயிலடியில்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அம்மாள் வந்த வண்டி வாசலிலேயே நின்றது. ஏறி, வண்டிக்காரரை விரட்டினேன். ரயிலடியில் மேடை காலியாக இருந்தது. பெட்டி தூக்குகிறவர் ஒருவர், "அது பூட்ச்சிம்மா, அரை மணியாவுது" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என்னைப் பெற்றவள் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அந்தப் பிள்ளை ரயிலில் யார் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கும், பின்னாலேயே வருகிறேன் என்றவளை எத்தனை ஸ்டேஷன் வரைக்கும் எட்டிப் பார்க்கும் என்பதுதான் மனசில் ஓடியது.

திரும்பி வந்து, யார் முகத்திலும் விழிக்க முடியாமல் கொல்லைப்பக்கமாக நுழைந்தேன். அடுப்படியில் கன்னியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது மூன்றாவது மேபல்.

"ரயில் ஏற்றவில்லையா நீ?" என்று கத்தினேன்.

"எனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் கன்னியம்மா, தலையைத் தூக்காமல். "ஜட்காவ நேரா எங்க வூட்டுக்கு வுடச்சொன்னேன். கஞ்சி குடிச்சிட்டு, புள்ளயக் கூட்டிகினு வந்துட்டேன். உங்க சாமி வந்து கேட்டா நான் சொல்லிக்கறேன். இப்ப இன்னா, வேலய வுட்டு நிறுத்தப்போறியா? நிறுத்திக்கோ. சோறு வடிச்சிட்டுப் போறேன்."

அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "அய்ய, வுடு, கலீஜு கையி" என்று இழுத்துக்கொண்டாள்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. உபகாரி அம்மாள், விசாரித்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். பிள்ளையைப் பார்த்தார். அதன் கையைப் பார்த்தார். வீங்கிய காலோடு அந்த ஈரத் தரையில் மெல்ல உட்கார்ந்து, அதன் பெயரை என்னிடம் கேட்டார்.

"உன் பேரைக் கேக்கறாங்க, சொல்லும்மா" என்றேன்.

பிள்ளை கீரையைக் கீழே வைத்தது. அம்மாளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு மிகவும் கவலையோடு, "இப்ப எந்தப் பேர சொல்லணும்க்கா?" என்று கேட்டது.

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று அம்மாள் என்னிடம் கேட்டார். பத்து வருஷம் பிள்ளைகள் சொல்லாததையெல்லாம் எழுதியனுப்பியவள் நான். அன்று ஒரு வார்த்தை கூட்டாமல் அப்படியே சொன்னேன். "இவள் அம்மா எப்படிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். பிள்ளை என்னிடம் சொல்லத் தயாராக இல்லை, கன்னியம்மாவைப் பார்த்தது. "சொல்லு கண்ணு, ஒண்ணும் பண்ணமாட்டாங்கோ" என்றாள் அவள்.

"பச்சியம்மா" என்றது.

அம்மாள் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது என்னவோ ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக அதிகம் வாயைத் திறக்காத பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்டி இல்ல. பச்சியம்மா!" அவர் மறுபடி சொன்னார். "இல்ல! பச்சியம்மா!" நாலைந்து தடவை ஆனபின், போனால் போகிறது என்று அவரை விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பியது.

"நீ சொல்லுக்கா" என்றது.

இரண்டு வருஷம் தலைவாரிப் பூ வைத்துவிட்டவள் நான், எனக்கு அந்தப் பெயர் லேசில் வாயில் வரவில்லை. அவள் விடவில்லை, சொல்லும்வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.